கலப்புக் குழுவில் சீன மாணவர்கள்: பேசாதவர்களுக்கு மனத்தாங்கல் இல்லையா?

14 அக்டோபர் 2024, மாலை 6.40 (வாசகர் கேள்வி)

வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேலாண்மை முதுகலை படிக்கிறேன். ஒரு பாடத்துக்கு அறுவர் சேர்ந்து குழு அறிக்கை எழுதி, அதை வகுப்பில் முன்வைக்கவும் வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு அதற்குத்தான். என் குழுவில் நான்கு பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள், ஒருவர் நைஜீரியர், நான் மதுரைக்காரன். மூன்று முறை கூடிவிட்டோம், மூன்று முறையும் நானும் நைஜீரிய நண்பரும் மட்டுமே பேசினோம். எதைக் கேட்டாலும் "சரி" என்கிறார்கள். முகத்தில் மகிழ்ச்சியும் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் நால்வரும் ஒன்றாக எழுந்து, தங்கள் மொழியில் கலகலவென்று பேசிக்கொண்டே போய்விடுகிறார்கள். எங்களோடு வேலை செய்ய அவர்களுக்கு விருப்பமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அக்கா, நீங்கள் இந்த நாட்டில் பல ஆண்டுகளாக வகுப்பு எடுப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?

14 அக்டோபர், இரவு 10.15

மூன்று கூட்டங்களை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள், தம்பி. விருப்பம் இல்லாதவர்கள் மூன்று கூட்டத்துக்கும் வந்திருக்க மாட்டார்கள்.

நான் 2009-இல் இங்கே முதுகலை மாணவியாக வந்தபோது எங்கள் குழுவில் ஐந்து பேர். சீனாவின் ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெண் எப்போதும் என் இடப்பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். ஏறக்குறைய இரண்டு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் அவளுடைய குறிப்பேடு என் பக்கம் சற்றுத் திரும்பியிருந்தது. ஒரே ஆங்கில வாக்கியத்தைப் பென்சிலால் மூன்று முறை எழுதியிருந்தாள். முதலாவதில் வினைச்சொல்லை அடித்துத் திருத்தியிருந்தாள். இரண்டாவதில் "நான் நினைக்கிறேன்" என்பதைத் தொடக்கத்தில் சேர்த்திருந்தாள். மூன்றாவதில், நீளமான சொற்களில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எழுத்துகளின் மேல் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தாள். அந்த வாக்கியம் எங்கள் விலைக் கணக்கில் இருந்த ஒரு பிழையைச் சுட்டியது. அவள் கடைசிக் கோட்டைப் போட்டு நிமிர்ந்தபோது நாங்கள் விலையை முடித்துவிட்டு விளம்பரத்துக்குப் போயிருந்தோம். அவள் தாளைப் புரட்டி அடுத்த பக்கத்தை எடுத்தாள். அந்தப் பிழையோடுதான் அறிக்கையைக் கொடுத்தோம்.

உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விழுகிறது என்பதைப் பத்து மொழிகளில் அளந்து 2009-இல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. சராசரி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. தாய்மொழியில் பேசுகிறவருக்கே அவ்வளவுதான் கிடைக்கிறது என்றால், வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கி, இலக்கணம் பார்த்து, உச்சரிப்பையும் ஒத்திகை பார்க்கிறவருக்கு அந்த இடைவெளி எப்படிப் போதும்? நீங்களும் நைஜீரிய நண்பரும் மாறி மாறிப் பேசும்போது உங்களுக்கு நடுவே அவர்கள் நுழையும் அளவுக்கு இடம் இருந்ததா என்பதை நாளைய கூட்டத்தில் கவனித்துப் பாருங்கள்.

15 அக்டோபர், காலை 7.30

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் மேல் போட்டுவிட்டேன். அது பாதி உண்மைதான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 6.5 வாங்கித் தட்டுத்தடுமாறுகிறவர்கள் மட்டும் மௌனமாக இருந்தால் அந்த விளக்கம் போதும். சரளமாக ஆங்கிலம் பேசும் சீன மாணவர்களும் என் வகுப்புகளில் குழு என்று வந்துவிட்டால் அடங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர், அறிமுகமே இல்லாதவர்களோடு ஒரு மதிப்பெண்ணைப் பகிர்ந்துகொள்வதுதான் தனக்கு அச்சமூட்டுகிறது என்று என்னிடம் சொன்னார்.

சீனாவில் ஒரு மாணவர் பல்கலைக்கழகத்தில் சேரும்போதே "பான்" எனப்படும் நிலையான வகுப்பில் சேர்க்கப்படுகிறார். ஏறக்குறைய அதே முகங்களோடு நான்கு ஆண்டுகள். அந்த வகுப்புக்கு ஒரு தலைவர் உண்டு, அவருக்குப் "பான்ஜாங்" என்று பெயர். விடுதியில் ஓர் அறைக்கு நால்வர் அல்லது அறுவர் தங்குவார்கள், பெரும்பாலும் அதே வகுப்பைச் சேர்ந்தவர்கள். அங்கே குழு வேலை என்று வரும்போது யார் இரவில் விழித்து எழுதுவார், யாருக்கு வரைபடம் நன்றாக வரும், யாரிடம் வேலையைக் கொடுத்தால் மறந்துவிடுவார் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். இங்கேயோ இரண்டாம் வாரத்தில் கணினி ஆறு பெயர்களைச் சேர்த்து ஒரு பட்டியல் போடுகிறது, சில வாரங்களிலேயே அறிக்கை கேட்கிறார்கள்.

கிறிஸ்டஃபர் எர்லி என்ற ஆய்வாளர் 1989-இல் அமெரிக்க, சீன மேலாளர் பயிற்சியாளர்களை ஒப்பிட்டார். பொறுப்பு குழுவுக்குள் கரைந்துவிடும்போது அமெரிக்கர்களின் உழைப்பு குறைந்தது, சீனர்களுடையது குறையவில்லை. இதை வைத்துச் சீனர்கள் இயல்பாகவே கூட்டாக உழைக்கிறவர்கள் என்று பலர் எழுதிவிட்டார்கள். அவரே 1993-இல் இன்னொரு சோதனை செய்தார்: தம்மைச் சேர்ந்தவர்களோடு வேலை செய்கிறோம் என்று நம்பிய சீனப் பங்கேற்பாளர்கள் நன்றாகச் செய்தார்கள், அந்நியர்களோடு செய்கிறோம் என்று நினைத்தவர்களின் வேலை குறைந்தது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். உங்கள் குழுவுக்குக் குழு என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. அது அவர்களுடைய குழுவாக இன்னும் ஆகவில்லை.

15 அக்டோபர், பகல் 1.05

கூட்டம் முடிந்ததும் "கலகலவென்று" பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சில் பாதி என்ன என்று ஒரு மாணவி எனக்குச் சொன்னார்: "கடைசியில் அவர் என்ன சொன்னார்? எந்தப் பகுதி நம்முடையது? வெள்ளிக்கிழமை என்றாரா, வியாழக்கிழமை என்றாரா?" ஒரு மணி நேரக் கூட்டத்தை நால்வரும் சேர்ந்து மறுபடி ஒட்டவைக்கிறார்கள். மீதிப் பாதி, அடக்கிவைத்த மூச்சை விடுவது.

16 அக்டோபர், இரவு 9.20

"முகத்தில் மகிழ்ச்சியும் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை" என்ற வரி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜீன் சாய் என்ற உளவியலாளர், மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதையும் எப்படி உணர விரும்புகிறார்கள் என்பதையும் பிரித்துப் பார்த்தவர். 2006-இல் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்கள் துள்ளலான மகிழ்ச்சியையும் ஹாங்காங் சீன மாணவர்கள் அமைதியான மகிழ்ச்சியையும் அதிகம் விரும்பியது தெரிந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பதுதான் ஆர்வத்தின் அடையாளம் என்று பழகிய கண்ணுக்கு அமைதியான முகம் சலித்த முகமாகத் தெரியும். நமக்கும் இந்தச் சிக்கல் வந்தது உண்டு. நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும்போது, ஆம் என்கிறோமா இல்லை என்கிறோமா என்று இங்குள்ளவர்கள் எத்தனை முறை விழித்திருக்கிறார்கள்!

20 அக்டோபர், மாலை 4.50

சென்னையிலிருந்து ஒருவர், "வாட்ஸ்அப் குழுவில் கூடப் பதில் போடமாட்டார்கள், அதற்கும் உச்சரிப்பா காரணம்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சீனாவில் 2017 முதல் வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருக்கிறது. பணம் கட்டுவது முதல் பாட்டியோடு பேசுவது வரை அவர்களுக்கு வீசாட் என்ற சீனச் செயலிதான். இங்கே வந்த முதல் வாரத்தில், நம் வசதிக்காக வாட்ஸ்அப்பை நிறுவுகிறார்கள்; அதன் அறிவிப்புகளைப் பார்க்கும் பழக்கம் கைக்கு வர மாதங்கள் ஆகின்றன. நாம் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய செய்திக்குக் காலைவரை பதில் இல்லை என்று பொருமிக்கொண்டிருப்போம். அவர்கள் அந்த நேரத்தில் வீசாட்டில் நால்வர் மட்டும் இருக்கும் இன்னொரு குழுவில், நம் அறிக்கையைப் பற்றியே நாற்பது செய்திகள் பேசி முடித்திருப்பார்கள். இரண்டு குழு ஆகிவிட்டதே என்ற வருத்தம் அவர்களுக்கும் உண்டு. தாங்கள் ஒளித்துப் பேசுவதாக நாம் எடுத்துக்கொள்வோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது, ஆனால் அதை எப்படித் திறந்து சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

27 அக்டோபர், இரவு 11.40

ஒரு வாரமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செமினார் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு சீன மாணவி மேசையிலேயே இருந்தார். மடிக்கணினியின் கம்பியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். என்னம்மா ஆயிற்று என்று கேட்டேன். "மெய் ஷி" என்று முதலில் அவர் மொழியிலும், பிறகு ஆங்கிலத்திலும் ஒன்றுமில்லை என்றார். நான் எதிரே உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து மடிக்கணினியைத் திறந்து இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முதல் கோப்பில் பதினான்கு ஸ்லைடுகள். மூன்று இரவு உட்கார்ந்து அவர் செய்தவை. ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கீழே சாம்பல் நிறத்தில் குறித்திருந்தார். இரண்டாவது, வகுப்பில் அவருடைய குழு காட்டிய கோப்பு. முந்தைய இரவு இரண்டு மணிக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் உறுப்பினர் "மொழியைச் சற்றுச் சீராக்கினேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பியது. பதினான்கு ஆறாகியிருந்தது. எண்கள் இருந்தன, அவற்றின் மூலங்கள் இல்லை. அவர் பேச வேண்டிய பகுதியை வேறொருவர் பேசினார். யாரும் அவரைத் திட்டவில்லை, எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்கள். குழுவுக்கு நல்ல மதிப்பெண் வந்தது, அந்த மதிப்பெண் அவருக்கும் வந்தது. "எனக்கு மகிழ்ச்சிதான். என் ஆங்கிலத்தைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

இதற்கு அவர்கள் மொழியில் "வெய்ச்யூ" என்று ஒரு சொல் இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். நமக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எடுத்துச் சொன்னால் நாம்தான் சின்னப் புத்திக்காரராகத் தெரிவோம். ஆகவே விழுங்கிக்கொள்கிறோம், விழுங்கியது தொண்டையிலேயே நிற்கிறது. இத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடங்குகிறது. கோபம் என்றால் அதற்கு ஓர் எதிரி இருப்பான். இதற்கு எதிரி இல்லை, எதிரே இருப்பவர் நல்லவர்.

அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்ட பிறகு என் வகுப்புகளில் நான் பார்ப்பதே மாறிவிட்டது. "சரி" என்று சொல்லித் தலையைக் குனிகிற மாணவர் சம்மதிக்கிறாரா, விழுங்குகிறாரா என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். பாதிக்கு மேல் விழுங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

28 அக்டோபர், காலை 8.10

அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கோவையிலிருந்து ஒரு தோழி "பொருமல்" என்கிறார். அதில் கோபமும் சற்றுப் பொறாமையும் கலந்திருக்கின்றன. அந்த மாணவியிடம் நான் இரண்டையும் பார்க்கவில்லை. "ஆற்றாமை" என்று இன்னொருவர். அது இன்னும் பெரியது, இழப்பையும் பிரிவையும் நோக்கிப் போகிறது. "மனத்தாங்கல்" பக்கத்தில் வருகிறது: உறவை முறித்துக்கொள்ளாமல் உள்ளே வைத்திருக்கும் குறை. கல்யாண வீட்டில் முறைப்படி அழைக்கப்படாத சித்தப்பா பந்தியில் வந்து உட்கார்ந்து, "எனக்கென்னப்பா, எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது" என்று சொல்வாரே, அந்தக் குரல். ஆனால் நம்மிடம் மனத்தாங்கல் யார் வழியாகவாவது சேதி போய்ச் சேர்ந்து, சமாதானத்தில் முடியும். கணினி போட்ட பட்டியல் வழியே சேர்ந்த ஆறு பேருக்கு நடுவே தூது போக ஒரு அத்தையும் இல்லை.

2 நவம்பர், பகல் 12.30

கேள்வி கேட்ட தம்பி கோபமாக எழுதியிருக்கிறார்: நான் ஒரு பக்கமே பேசுகிறேனாம், நால்வரில் ஒருவர் தன் பகுதியை எந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே கொடுத்திருக்கிறாராம், ஓசியில் பயணம் செய்கிறவர்களுக்கும் உணர்ச்சி வரலாறு எழுத வேண்டுமா என்கிறார்.

அப்படிப்பட்டவர்கள் உண்டு. சீன மொழியிலேயே அதற்கு "அடுத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வது" என்று ஒரு வழக்கு இருக்கிறது. அந்தப் பகுதியைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அவருக்காக யார் அதிகம் வெந்துபோகிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் மற்ற சீன மாணவர்கள்தான். ஒருவர் செய்ததை நால்வர் கணக்கிலும் எழுதிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு மாணவர் தன் நாட்டுத் தோழன் எழுதாத பகுதியை இரவோடு இரவாகத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "சீனர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நினைத்துவிடுவீர்களே" என்றார். நீங்கள் ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போனால் தமிழர்கள் எல்லோரும் தாமதம் என்று அந்த அறையில் யாரும் எழுதிக்கொள்ளப் போவதில்லை. அவர்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. 2022-23 கல்வியாண்டில் இந்த நாட்டில் சுமார் 1,54,000 சீன மாணவர்கள் இருந்தார்கள். முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவரும் அந்தக் கூட்டத்தின் ஒரு துளியாகத்தான் பார்க்கப்படுகிறார்கள்.

2 நவம்பர், பிற்பகல் 3.00

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தன் நாட்டவர் அருகில் இருப்பது ஆறுதல் என்று நாம் நினைக்கிறோம். ஆங்கிலத்தில் பேச வேண்டிய நேரத்தில் அதுவே சுமையாகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். பிரேசில்காரர் முன்னால் தவறாகப் பேசினால் கவலை இல்லை, அவரும் தவறாகப் பேசுகிறார். ஷாங்காயில் சர்வதேசப் பள்ளியில் படித்துவந்த இன்னொரு சீன மாணவர் அருகில் இருக்கும்போதுதான், உள்நாட்டுச் சிறு நகரத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்தவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகள் ஆங்கிலவழிப் பிள்ளைகள் முன்னால் வாய் மூடிப்போவது நினைவுக்கு வந்தால், இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

9 நவம்பர், இரவு 10.00

"சீன மாணவர்கள்" என்று நானும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்ட என் முன்னாள் சீன மாணவர் ஒருவர் (அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன்) மறுத்தார். "எல்லாவற்றுக்கும் கன்பூசியஸ் காலத்துக் காரணம் தேடாதீர்கள். நான் பேசாததற்குக் காரணம், பேசினால் வேலை என் தலையில் விழும் என்பது" என்று சொன்னார். இதையும் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அவரோடு பேசப் பேச அவருடைய காரணத்துக்கும் ஒரு வரலாறு இருந்தது. ஒற்றைக் குழந்தைக் கொள்கை நாடு முழுவதும் 1980-இல் வந்து அதைக் கைவிடுவது என்று 2015 இறுதியில் முடிவு செய்யப்பட்டது. இன்று முதுகலை படிக்க வருகிறவர்களில் நகரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் காலத்து ஒற்றைப் பிள்ளைகள். அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என்று ஆறு பேர் அந்த ஒருவருடைய மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு 2024-இல் 1 கோடியே 34 இலட்சம் பேர் பதிவு செய்தார்கள். அந்தத் தேர்வில் ஒருவருடைய மதிப்பெண் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. இங்கே வந்ததும் முதல் தடவையாகத் தன் மதிப்பெண்ணில் 40 விழுக்காடு முன்பின் தெரியாத ஐந்து பேர் கைக்குப் போகிறது. ரைன்ஹார்ட் பெக்ரன் என்ற கல்வி உளவியலாளர் 2006-இல் இதை வகுத்துச் சொல்லியிருக்கிறார்: ஒரு விளைவு நமக்கு மிக முக்கியமாகவும் அது முழுக்க நம் கட்டுப்பாட்டில் இல்லாமலும் இருக்கும்போது பதற்றம் பிறக்கிறது. குழுவில் அவர்களுக்கு ஏற்படுவது பெரும்பாலும் இந்தப் பதற்றம்தான்.

10 நவம்பர், காலை 6.50

அவர்களுக்கு நம்மைப் பற்றி என்ன குறை என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. நான் கேட்டவரையில் முதலில் வருவது, கூட்டம் அதிகம், வேலை குறைவு என்பது. அவர்கள் பழகிய முறையில் குழுத்தலைவர் முதல் நாளே வேலையைப் பிரிப்பார்; அவரவர் பகுதியை அவரவர் முடித்துக் கொண்டுவருவார்கள்; பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒட்டுவார்கள். எதையும் படிக்காமல் வந்து, பேசிக்கொண்டே யோசிப்பதை நாம் கலந்துரையாடல் என்கிறோம். அவர்களுக்கு அது அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்வதாகப் படுகிறது. ஹீஜுங் கிம் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட சோதனைகளில், சத்தமாகச் சொல்லிக்கொண்டே புதிர்களைத் தீர்க்கச் சொன்னபோது ஆசிய அமெரிக்க மாணவர்களின் திறன் குறைந்தது. ஐரோப்பிய அமெரிக்கர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, "பேசுங்கள், பேசுங்கள்" என்று நாம் ஊக்குவிக்கும் நேரத்தில் அவர்களுடைய யோசனையைத்தான் கலைத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது குறை, கடைசி நாள்வரை தள்ளிப்போடுவது. அதில் நாம் வாதாட இடம் இல்லை.

மூன்றாவது, நம் குரல். இந்தியத் துணைக்கண்டத்து மாணவர்கள் உற்சாகமாகப் பேசும்போது சண்டை போடுவதாகவே அவர்களுக்குப் படுகிறதாம். தம்பி, நீங்கள் மதுரைக்காரர். ஒருமுறை அவர்களிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

17 நவம்பர், மாலை 5.15

அவர் கேட்டிருக்கிறார். "ஆரம்பத்திலிருந்தே எங்கள் மேல் உங்களுக்குக் கோபம் என்று நினைத்தோம்" என்று அந்த நால்வரில் ஒருவர் சொன்னாராம். ஐந்து வாரமாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, அவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது கூட்டத்துக்கு முந்தைய நாளே கேள்விகளை எழுதி அனுப்புகிறார்களாம். கூட்டம் தொடங்கியதும் பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதுகிறார்களாம். பிறகு சுற்று வரிசையில் ஒவ்வொருவரும் தான் எழுதியதைச் சொல்கிறார்களாம். நால்வரில் இருவர் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். மூன்றாமவர் எழுதியதை மட்டும் நீட்டுகிறார். நான்காமவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவரை விட்டுவிடுங்கள், தம்பி. ஆறு வாரத்தில் எல்லோரும் மலர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு நெருக்கடிதான்.

17 நவம்பர், இரவு 11.55

முதல் நாள் எழுதிய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். ஹூனான் பெண்ணின் குறிப்பேட்டில் இருந்த வாக்கியத்தை நான் படித்தேன். விலைக் கணக்கில் பிழை இருந்தது எனக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. "இவள் ஒன்று எழுதி வைத்திருக்கிறாள், ஒரு நிமிடம் நில்லுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். அடுத்தவர் குறிப்பேட்டைப் பார்த்ததாகத் தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டேன், பேச்சின் வேகத்தை நிறுத்தவும் மனம் வரவில்லை. இங்கே வகுப்பெடுக்க வந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் இதே தவறைச் செய்தேன்: பங்கேற்புக்கு என்று இருந்த பத்து மதிப்பெண்ணை எத்தனை முறை வாய் திறந்தார்கள் என்று எண்ணியே போட்டேன். எழுதிக் கொடுத்தவர்களுக்கும், சொல்ல முடியாமல் தாளைப் புரட்டியவர்களுக்கும் நாலும் ஐந்தும் போட்டிருக்கிறேன். அந்தப் பட்டியல்களைத் திருத்த இனி வழியில்லை.

அவளோடு இன்றும் தொடர்பு உண்டு. ஹூனானின் தலைநகரான சாங்ஷாவில் வேலை பார்க்கிறாள். இதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு அவளிடம் சொன்னேன். அவளுக்கு அந்த வாக்கியம் நினைவில் இல்லை. "அப்படி எத்தனையோ வாக்கியங்கள்" என்றாள்.

8 டிசம்பர், இரவு 8.30

கேள்வி கேட்ட தம்பிக்கு அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. குழு உறுப்பினர்களை ஒருவருக்கொருவர் மதிப்பிடும் படிவம் வந்திருக்கிறதாம். அந்த நான்காமவரைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்கிறார். கடைசிவரை கூட்டத்தில் பேசவில்லை; ஆனால் அறிக்கையின் இணைப்பில் இருக்கும் மூன்று அட்டவணைகளும் அவர் செய்தவை; மேற்கோள்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததும் அவரே.

அப்படியே எழுதுங்கள். எந்த அட்டவணை, எந்தப் பக்கம் என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். "அமைதியானவர்" என்று தொடங்க வேண்டாம். படிக்கிற ஆசிரியர் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவார், நானும் அப்படி நின்றவள்தான். எழுதி முடித்ததும், அனுப்பும் முன் அவரிடமே காட்டுங்கள். எதையாவது விட்டிருந்தால், அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார்.